மலையடியில் ஒரு சிற்றூர்

சுவிற்சர்லாந்து என்றதும் நம்மவர் மனக்கண் முன்னே தோன்றுவன பனிமுடி தரித்த மலைகளும், பாற்கட்டியும், கைக்கடிகாரமும், வங்கிகளுமே. நாட்காட்டிப் படங்களில் நாம் காணும் அந்த நாட்டில் மனிதரைக் காண்பது அரிது. காணப்படினும் அவர் ஓய்வெடுக்க வந்த உல்லாசப் பிரயாணியாகவே இருப்பார். ஆயினும் எந்த நாடும் படத்தில் உள்ளபடி தானாக உருவானதில்லை. அந்நாட்டின் செல்வம் எவ்வாறு சேர்ந்தது, எவருடைய கைகளாற் சேர்ந்தது என்பதனை அறிய விரும்புவோர், சூரிச் நகரத்து வங்கி மாளிகைகளைச் சற்று மறந்து, அல்ப்ஸ் மலையடியிலுள்ள ஒரு சிற்றூருக்குச் செல்வது நன்று. அவ்வூரின் பெயர் கோஷெனன்.

இன்று அங்கு வாழ்வோரின் தொகை ஐந்நூறுக்கும் குறைவு. பெரிய ஆலைகள் இல்லை. பெயர்பெற்ற கோட்டைகள் இல்லை. ஆயினும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் வடக்கும் தெற்கும் சந்திக்கும் வழி இவ்வூரின் வாசலாலேயே சென்றது. அந்த வழியை மலைக்குள்ளாற் கொண்டுசெல்வதற்கு ஒரு காலத்தில் மூன்று அரசுகள் பணம் கொடுத்தன. அவ்வழியிற் சென்ற பொருள் எவ்வளவு, அதில் இவ்வூருக்கு மிஞ்சியது எவ்வளவு, அவ்வழியை வெட்டியவர்க்குக் கிடைத்தது என்ன என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

சுவிற்சர்லாந்துக் கூட்டாட்சியைத் தொடக்கிவைத்த மூன்று கன்ரன்களுள் ஊரி ஒன்று. கன்ரன் என்பது அங்குள்ள சுயாட்சி மாநிலம். ஊரியின் முதுகெலும்பாக அமைந்தது றொய்ஸ் என்னும் ஆறு. தெற்கே கொத்தார்ட் மலைத்தொகுதியில் ஊற்றெடுத்து, வடக்கு நோக்கி இறங்கி, லூசேர்ன் ஏரியிற் கலக்கின்றது. இவ்வாற்றின் மேற்பகுதியிலே, கடல் மட்டத்திலிருந்து 1,106 மீற்றர் உயரத்தில், மேற்கேயிருந்து வரும் ஒரு கிளையாறு றொய்சுடன் கூடும் இடத்திற் கோஷெனன் அமைந்துள்ளது.

ஊருக்குத் தெற்கே வழி அடைபட்டதுபோலத் தோன்றும். இருபுறமும் கருங்கற் பாறைகள் செங்குத்தாக நிற்க, அவற்றின் நடுவே நுரைத்துக்கொண்டு பாய்கிறது ஆறு. ஷொலெனன் எனப்படும் இப்பள்ளத்தாக்கின் இடுக்கைக் கடந்து மேலேறினால் அண்டர்மாட் என்னும் ஊரைக் கொண்ட அகன்ற பசும்புற் சமவெளி. அதற்கப்பால் 2,100 மீற்றர் உயரத்திற் கொத்தார்ட் கணவாய். கணவாயைத் தாண்டினால் இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலம். அதற்கும் அப்பால் லொம்பார்டிச் சமவெளியும் மிலான் நகரமும். ஆறுகள் வெட்டிய பள்ளத்தாக்குகளின் வழியே வந்து, அல்ப்சின் நடுவில் ஒரேயொரு கணவாயை மாத்திரம் ஏறி, வடக்கிலிருந்து தெற்குக்கு நேராக இறங்கிவிடலாம் என்பதே கொத்தார்ட் வழியின் சிறப்பு. அச்சிறப்பினை அனுபவிக்க வேண்டுமாயின் ஷொலெனன் இடுக்கைக் கடந்தாக வேண்டும்.

இத்தகைய நிலத்தில் உழவு அதிகம் நடைபெற இயலாது. பள்ளத்தாக்கு ஒடுங்கியது, குளிர்காலம் நீண்டது, பனிச்சரிவு ஓயாத அச்சம். ஆகவே மக்கள் மாடும் ஆடும் வளர்த்தனர். கோடையிற் கால்நடைகளை மேலுள்ள புற்றரைகளுக்கு ஓட்டிச் சென்றனர். குளிர்காலத் தீனிக்காகச் செங்குத்தான சரிவுகளிற் புல் அரிந்து உலர்த்தினர். பாலைப் பாற்கட்டியாக்கினர். தானியத்தையும் உப்பையும் வெளியிலிருந்தே வாங்கவேண்டியிருந்தது. அவற்றுக்கு விலை கொடுக்கும் பொருட்டு இலையுதிர் காலத்தில் மாடுகளைக் கணவாய்க்கு அப்பாலுள்ள சந்தைகளுக்குச் சாய்த்துச் சென்றனர். பாறைப் பிளவுகளிற் பளிங்குக் கற்களைத் தேடுவதும் ஒரு சிறு தொழிலாயிற்று. நிலம் போதாத வீட்டுப் பிள்ளைகள் அந்நிய மன்னர்களின் படைகளிற் கூலிப் போர்வீரராகச் சேர்ந்தனர். விற்பதற்கு வேறொன்றுமில்லாத மலைநாடு தன் புதல்வரின் இரத்தத்தை விற்றது என்பதே இதன் பொருள்.

கழுதைப் பாதை

1230 ஆம் ஆண்டளவில் ஷொலெனன் இடுக்கிற் பாதையும் மரப்பாலமும் அமைக்கப்பட்டன. இப்பாதை திறந்ததும் ஊரியின் மதிப்பு உயர்ந்தது. 1231 இல் ஜேர்மன் அரசன் ஹென்றி ஊரி மக்களைப் பிரபுவின் பிடியிலிருந்து மீட்டுப் பேரரசின் நேரடிப் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தான். மலைவாசிகள் மீது எழுந்த திடீர்க் கருணையாக இதனை நாம் கொள்ள வேண்டியதில்லை. இத்தாலிக்குச் செல்லும் வழி தன் கையில் இருக்கவேண்டும் என்ற அரசியற் கணக்கு அதிலே தெளிவாகத் தெரிகின்றது. சுவிற்சர்லாந்தின் சுதந்திர வரலாற்றுக்குப் பின்னே ஒரு கழுதைப் பாதையும் உண்டு.

அப்பாதையிற் பொதி சுமந்த கோவேறு கழுதைகளும் குதிரைகளும் சென்றன. தெற்கேயிருந்து வைனும் அரிசியும் பட்டும் வந்தன. வடக்கேயிருந்து துணியும் பாற்கட்டியும் கால்நடையும் சென்றன. பாதையோரத்து ஊரவர் சங்கங்களாக இணைந்திருந்தனர். ஒவ்வொரு சங்கத்துக்கும் பாதையின் ஒரு பகுதி உரியது. அப்பகுதியிற் பொதி சுமக்கும் உரிமையும் அவர்களுடையதே. அதனைப் பழுதின்றிப் பேணும் கடமையும் அவர்களுடையதே. வெளியிலிருந்து வந்த பொதிகாரர் தம் விலங்குகளிலேயே சரக்கைக் கொண்டுசெல்ல விரும்பின் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பாதையைப் பேணுபவனே பாதையாற் பயன் பெறுவான் என்ற இந்த ஒழுங்கு பல நூற்றாண்டுகள் நிலைத்தது. கடுமையான வாழ்க்கைதான், ஆயினும் போகும் செல்வத்தில் ஒரு துளியாவது ஊரிலே தங்கிற்று.

ஷொலெனன் பாலத்தைப் பற்றி அங்கே ஒரு கதை வழங்குகின்றது. ஆற்றின் மேற் பாலம் கட்ட முயன்று தோற்ற ஊரி மக்கள், பிசாசே வந்து கட்டட்டும் என்று சலித்துரைத்தனர். பிசாசும் வந்தது. பாலத்தை முதலிற் கடப்பவனின் உயிர் தனக்கு வேண்டும் என்று கேட்டது. பாலம் முடிந்ததும் மக்கள் ஓர் ஆட்டுக் கடாவை முதலில் ஓட்டிவிட்டனர். ஏமாந்த பிசாசு சினந்து, பாலத்தை நொறுக்கப் பெரும் பாறையொன்றைத் தூக்கி வந்தது. வழியிற் கண்ட கிழவி ஒருத்தி பாறையிலே சிலுவைக் குறி இட்டாள். பிசாசு பாறையைப் போட்டுவிட்டு ஓடியது. அந்தப் பாறை இன்றும் கோஷெனனில் நிற்கின்றது. பிசாசுக் கல் என்பது அதன் பெயர். பாதை அமைத்தல் உயிர்ப்பலி கேட்கும் வேலை என்பதனை அம்மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை சான்று.

1708 இல், ஷொலெனன் இடுக்கின் மேல்முனையில் 64 மீற்றர் நீளமான சிறு சுரங்கம் ஒன்று பாறையிற் குடையப்பட்டது. திச்சினோவைச் சேர்ந்த பியெத்ரோ மொறெற்றினி என்பவர் அதனை அமைத்தார். அல்ப்ஸ் வீதிகளிற் குடையப்பட்ட முதற் சுரங்கம் அதுவே. 1799 இல் பிரெஞ்சுப் படையும் ருஷ்யத் தளபதி சுவோரவின் படையும் இவ்விடுக்கிலே மோதின. வென்றவர் யாராயினும் வைக்கோலும் மாடும் இழந்தவர் பள்ளத்தாக்கு மக்களே. 1830 அளவில் வண்டிகள் செல்லத்தக்க வீதி முடிந்தது. பின்னர்த் தபால் வண்டிகள் நாள்தோறும் ஓடின. பொதிகாரர் வண்டிக்காரராயினர். சங்கங்களின் பழைய உரிமைகள் மறைந்தன. பாதை ஊரவரின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறிற்று. அடுத்த மாற்றம் இதனினும் பெரிது.

மூலதனம் மலையடிக்கு வருகிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய முதலாளித்துவம் மலைகளைப் பொறுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கவில்லை. ஜேர்மனியின் நிலக்கரியும் இரும்பும் தெற்கே செல்ல வழி தேடின. இத்தாலி ஒன்றுபட்ட அரசாகிவிட்டது. 1869 இற் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழைத்தேயச் சரக்குகள் இத்தாலியத் துறைமுகங்களை இலகுவில் அடையலாயின. கிழக்கே பிரென்னர் கணவாயில் 1867 இலும், மேற்கே மொன் செனியில் 1871 இலும் புகையிரதம் அல்ப்சைக் கடந்துவிட்டது. நடுவில் நின்ற சுவிற்சர்லாந்தின் முதலாளிகள் தாம் ஒதுக்கப்படுவோமோ என்று அஞ்சினர்.

அவர்களுள் முதன்மையானவர் சூரிச்சைச் சேர்ந்த அல்பிரட் எஷர். அரசியல்வாதி, புகையிரதக் கம்பனித் தலைவர், 1856 இல் நிறுவப்பட்ட சுவிஸ் கடன் வங்கியின் தாபகர் என மூன்று அதிகாரங்களையும் ஒருங்கே கொண்டவர் அவர். இத்தாலியும் சுவிற்சர்லாந்தும் 1869 இற் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஜேர்மனி 1871 இற் சேர்ந்தது. கொத்தார்ட் புகையிரதக் கம்பனி உருவாகியது. முழுப் பாதைக்கும் 187 மில்லியன் பிராங்கு ஆகும் என மதிப்பிட்டனர். அதில் 85 மில்லியனை மூன்று நாடுகளின் பொதுப் பணமாகப் பெற்றனர். இத்தாலி 45, ஜேர்மனி 20, சுவிற்சர்லாந்து 20. எஞ்சியதைப் பங்குகளாலும் கடன் பத்திரங்களாலும் திரட்டினர்.

பாதையின் உயிர்நிலை கோஷெனனிலிருந்து தெற்கேயுள்ள ஐரோலோ வரை, ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளத்துக்கு, மலையைக் குடைவதாகும். அந்நாளில் உலகில் அத்தனை நீளமான புகையிரதச் சுரங்கம் வேறில்லை. ஜெனிவாவைச் சேர்ந்த லூயி பாவ்ர் என்னும் ஒப்பந்தகாரர் மிகக் குறைந்த விலையும் மிகக் குறுகிய காலமும் கூறி 1872 ஓகஸ்டில் வேலையைப் பெற்றார். எட்டு ஆண்டுகளில் முடிப்பதாக உறுதி. எட்டு மில்லியன் பிராங்கைப் பிணைப்பணமாக வைக்க வேண்டும். காலம் தவறினால், முதல் ஆறு மாதங்களுக்கு நாளொன்றுக்கு 5,000 பிராங்கும் அதற்குமேல் 10,000 பிராங்கும் அபராதம்.

இந்த அபராத விதியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அக்காலத்துச் சுரங்கத் தொழிலாளியின் நாட்கூலி ஏறக்குறைய நான்கு பிராங்கு. ஆகவே ஒரு நாள் தாமதத்தின் விலை ஆயிரத்திருநூற்றைம்பது தொழிலாளரின் ஒருநாட் கூலிக்குச் சமம். காற்றோட்டம் போதவில்லையென்று வேலையை நிறுத்திக் குழாய் பொருத்தினால் அபராதம். வெடிப்புகை அடங்கும்வரை காத்திருந்தால் அபராதம். கழிவிடம் அமைக்க இடம் ஒதுக்கினால் அபராதம். மேசைமீது எழுதப்பட்ட அந்த வாசகம் மலைக்குள்ளே மூச்சுத்திணறலாக மாறியது.

மலைக்குள்ளே

1872 இலையுதிர் காலத்தில் இரு முனைகளிலும் வேலை தொடங்கியது. சில நூறு பேர் வாழ்ந்த கோஷெனனில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். 1880 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்போது அவ்வூரின் தொகை மூவாயிரத்தை அணுகியிருந்தது. வந்தவருட் பெரும்பாலோர் வட இத்தாலியின் பியெத்மொன்ட், லொம்பார்டி முதலிய பகுதிகளின் ஏழை விவசாயிகள். நிலமின்மையாலும் வரியாலும் கடனாலும் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள். தம் மாநிலத்திற் கூலிக்கு மாரடித்த விவசாயி, மலைக்கு இப்பால் அந்நிய மொழி பேசும் நாட்டில் மலைகுடையும் தொழிலாளியானான்.

தங்குமிடம் எங்கே? ஊரிலுள்ள வீடுகளும் களஞ்சியங்களும் மாட்டுத் தொழுவங்களும் வாடகை அறைகளாயின. ஒரே கட்டிலில் முறைமாற்றி உறங்கினர். ஒருவன் வேலைக்கு எழுந்து போனதும் மற்றவன் அதே சூட்டில் வந்து படுத்தான். ஊரிலே வீடும் கடையும் உடையோர் சிலர் சில ஆண்டுகளிற் செல்வராயினர். விளக்கு எண்ணெய்க்கும் கூலியிற் கழிவு. கூலியின் ஒரு பகுதி, கம்பனிக் கடையில் மாத்திரம் செல்லுபடியாகும் சீட்டுகளாகக் கொடுக்கப்பட்டது. கொடுத்த கையே திரும்பப் பறிக்கும் இம்முறை எந்த நாட்டுத் தொழிலாளருக்கும் புதியதன்று.

உள்ளே நிலைமை வேறு. றொய்ஸ் ஆற்றின் நீர்வலுவால் அமுக்கப்பட்ட காற்றைக் குழாய்களிற் செலுத்தித் துளைபொறிகளை இயக்கினர். அவற்றிலிருந்து வெளியேறும் காற்றே மனிதர் சுவாசிக்கும் காற்றும் ஆகும். துளைகளில் டைனமைற்று வைத்து வெடித்தனர். புகை அடங்குமுன்னே கல்லள்ள ஆட்களை அனுப்பினர். இரவும் பகலும் எட்டு மணித்தியால முறைவேலை. உள்ளே செல்லச் செல்ல வெப்பம் ஏறியது. முப்பது பாகை செல்சியசையும் தாண்டியது. ஐரோலோப் பக்கத்திற் பாறைப் பிளவுகளிலிருந்து நீர் கொட்டிற்று. மனிதர் முழங்காலளவு நீரில் நின்று துளையிட்டனர். வண்டியிழுத்த குதிரைகளும் கழுதைகளும் உள்ளேயே வீழ்ந்து மடிந்தன.

1875 யூலை 27 ஆந் திகதி கோஷெனன் முனையில் தொழிலாளர் பொறுமையிழந்தனர். வெடிப்புகை நிறைந்த சுரங்கத்துள் வேலை செய்ய மறுத்து வெளியேறினர். கூலியுயர்வு கேட்டுச் சுரங்க வாயிலை மறித்தனர். அவர்களுக்குச் சங்கம் இல்லை, தலைவர் இல்லை, அந்நாட்டில் வாக்குரிமையும் இல்லை. ஒப்பந்தகாரரின் தரப்பிலிருந்து கன்ரனின் தலைநகரான அல்டோர்புக்குச் செய்தி பறந்தது. மறுநாள் ஆயுதந் தாங்கிய சிறு படையொன்று வந்து சேர்ந்தது. அதிலிருந்தோரும் பெரும்பாலும் அப்பள்ளத்தாக்கின் சாதாரண மனிதரே. கல்லெறியும் கைகலப்பும் நிகழ்ந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. நான்கு இத்தாலியத் தொழிலாளர் உயிரிழந்தனர். வேறு சிலர் காயமுற்றனர். விற்க நிலமற்ற ஒரு மலைநாட்டு ஏழை, விற்க உழைப்பையன்றி வேறெதுவுமற்ற இன்னொரு ஏழையைச் சுட்டான். இருவரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் சுரங்க வாயிலில் இருக்கவில்லை.

நாடு அதிர்ந்தது. மத்திய அரசு விசாரணையாளர் ஒருவரை அனுப்பியது. உறைவிடங்களின் சீர்கேடு வெளிவந்தது. ஆயினும் சுட்டவரும் சுடச் சொன்னவரும் தண்டிக்கப்படவில்லை. வேலை அடுத்த நாட்களிலேயே தொடர்ந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 1877 இல், சுவிஸ் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய தொழிற்சாலைச் சட்டம், நாளொன்றுக்குப் பதினொரு மணித்தியால எல்லையை விதித்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஐரோப்பாவிலேயே முற்போக்கான சட்டங்களுள் ஒன்று அது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்கான சட்டம். அல்ப்சின் வயிற்றுக்குள் நின்ற அந்நியத் தொழிலாளி அதன் நிழலுக்கு வெளியே நின்றான்.

இரத்தம் குடித்த புழு

வெடியினாலும் பாறை வீழ்ச்சியினாலும் வண்டிகளுக்கிடையே நசுங்கியும் இறந்தவர்களை விபத்துப் பதிவேடு குறித்துக்கொண்டது. அதிற் குறிக்கப்படாத மரணம் ஒன்று சுரங்கத்துள் மெதுவாகப் பரவிற்று. திடகாத்திரமான வாலிபர் சில மாதங்களில் வெளிறினர். மாடிப்படி ஏறவும் மூச்சு வாங்கினர். வேலைக்குதவாதவராகி ஊர் திரும்பினர். கெட்ட காற்றும் கெட்ட உணவுமே காரணம் என்று முதலில் எண்ணினர். 1880 இல், தூரின் நகரத்துக்குச் சென்ற தொழிலாளரை ஆராய்ந்த எடொவார்டோ பெரொன்சிற்றோ முதலிய இத்தாலிய மருத்துவ அறிஞர், அவர்களின் குடலில் இரத்தத்தை உறிஞ்சும் கொழுக்கிப் புழுக்களைக் கண்டனர். அப்புழுவை மிலான் நகரில் அஞ்செலோ தூபினி 1838 இலேயே கண்டிருந்தார். ஆயினும் அது பெருந்திரளான தொழிலாளரை வீழ்த்தும் என்பதைக் கொத்தார்ட்டே உலகுக்கு உணர்த்திற்று.

கொழுக்கிப் புழுவின் முட்டை மலத்துடன் வெளியேறும். ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணிற் பொரித்துக் குடம்பியாகும். அக்குடம்பி மனிதத் தோலைத் துளைத்து உட்புகும் என்பது 1898 இற் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் கண்ட உண்மை. பனி மூடிய அல்ப்சிலே இப்புழு வாழ வழியில்லை. ஆனால் சுரங்கத்துள்ளே உஷ்ண வலயத்துக்குரிய வெப்பம் இருந்தது, சேறு இருந்தது, கழிவிடம் மாத்திரம் இருக்கவில்லை. எட்டு மணித்தியாலம் உள்ளே நின்ற ஆயிரக்கணக்கானோர் நின்ற இடத்தருகிலேயே மலங்கழிக்க வேண்டியிருந்தது. பனிமலையின் வயிற்றில் உஷ்ணநாட்டு நோயொன்றை வளர்த்தது இயற்கையன்று. செலவைக் குறைக்கும் கணக்கே அதனை வளர்த்தது. சுரங்கம் முடிந்ததும் தொழிலாளர் வேறு சுரங்கங்களுக்கும் கனியங்களுக்கும் சிதறினர். நோயும் அவர்களுடன் சென்றது.

இவ்விடத்தில் நமது நாட்டை நினையாதிருக்க இயலவில்லை. மலையகத் தோட்டங்களில் இலட்சக்கணக்கான தொழிலாளரின் இரத்தத்தைக் குடித்ததும் இதே புழுதான். 1916 இல் ரொக்பெல்லர் நிதியத்தின் சுகாதாரப் பிரிவு இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுத்தனர், புழு வெளியேறிற்று, அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தவரை மீண்டும் பற்றிற்று. மருந்து கொடுப்பது இலகு. லயத்துக்கு லயம் மலகூடம் கட்டுவது செலவு. கொத்தார்ட் சுரங்கத்துக் கணக்கும் தேயிலைத் தோட்டத்துக் கணக்கும் ஒரே கையால் எழுதப்பட்டனவோ என்று ஐயுறத் தோன்றுகின்றது.

வெற்றியும் விலையும்

1879 யூலையில், சுரங்கத்தைப் பார்வையிடச் சென்ற பாவ்ர் உள்ளேயே மாரடைப்பால் வீழ்ந்து இறந்தார். அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. 1880 பெப்ருவரி இறுதியில் இரு பக்கத்துத் துளைகளும் சந்தித்தன. பாவ்ரின் புகைப்படத்தை ஒரு பெட்டியில் வைத்துத் துவாரத்தின் வழியே முதலில் அனுப்பினர். இரு முனையிலிருந்தும் வந்த குடைவுகள் பக்கவாட்டில் 33 சென்ரிமீற்றரும் உயரத்தில் 5 சென்ரிமீற்றருமே விலகியிருந்தன. மனித அறிவின் மகத்தான வெற்றி அது என்பதனை நாம் மனமார ஒப்புக்கொள்வோம். அளவையாளரின் கணிதமும் பொறியியலாளரின் துணிவும் போற்றுதற்குரியன. 1882 யூன் முதலாந் திகதி பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

உயிரிழந்தோரின் தொகை ஏறக்குறைய 200 என்பது ஏட்டுக் கணக்கு. ஊர் திரும்பி, இரத்தம் வற்றி இறந்தவர் அக்கணக்கில் இல்லை. கதையில் வந்த பிசாசு கேட்டது ஓர் உயிர். ஓர் ஆட்டுக்கடாவுடன் ஏமாந்தும் போயிற்று. ஒப்பந்தத்தை ஏமாற்ற எவராலும் இயலவில்லை.

திச்சினோவைச் சேர்ந்த சிற்பி வின்சென்சோ வேலா, எவரும் கேளாமலே, இறந்த தோழனைப் பாடையிற் சுமந்துவரும் சுரங்கத் தொழிலாளரை ஒரு புடைப்புச் சிற்பமாக வடித்தார். உழைப்பினால் மாண்டோர் என்பது அதன் பெயர். 1883 இற் சூரிச்சில் நடைபெற்ற தேசியக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஐரோலோ நிலையத்தருகே வெண்கலத்தில் அது நிறுவப்பட்டது 1932 இலே. சுரங்கம் திறந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அத்தொழிலாளருக்கு வாசலில் இடம் கிடைத்தது.

கடந்து செல்லும் செல்வம்

புகையிரதம் ஓடத் தொடங்கியதும் கணவாய் வீதி வெறிச்சோடியது. வண்டிக்காரரும் குதிரைக்காரரும் பிழைப்பிழந்தனர். பலர் ஊரைவிட்டு வெளியேறினர். கோஷெனனுக்கு மாத்திரம் சில காலம் வாழ்வு வந்தது. விரைவுப் புகையிரதங்கள் அங்கே நிற்க, பயணிகள் இறங்கி உணவருந்தினர். கருங்கற் சுரங்கங்களும் பெருகின. 1917 இல் அண்டர்மாட் வரை பற்சக்கரப் புகையிரதம் ஏறியது. 1920 இல் நீராவி எஞ்சின் மறைந்து மின்வலு வந்தது. வண்டிகள் நிற்காமலே கடந்து செல்லலாயின.

மின்வலு வேண்டின் நீர் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அண்டர்மாட் பள்ளத்தாக்கு முழுவதையும் நீரில் மூழ்கடித்து மாபெரும் நீர்த்தேக்கம் அமைக்கத் திட்டமிட்டனர். மூன்று ஊர்கள் மறையவிருந்தன. மக்கள் எதிர்த்தெழுந்தனர். 1946 பெப்ருவரியில் திட்டப் பொறியியலாளரை அண்டர்மாட் மக்கள் ஊரைவிட்டே துரத்தினர், திட்டமும் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாகக் கோஷெனனின் மேற்கேயுள்ள உயர்ந்த பள்ளத்தாக்கு தெரிந்தெடுக்கப்பட்டது. 155 மீற்றர் உயரமான மண்கல் அணை 1960 இல் முடிந்தது. அங்கிருந்த சிறு குடியிருப்பு நீருள் மூழ்கியது; மக்கள் கீழே குடியேற்றப்பட்டனர். பலர் ஒன்றுபட்ட இடத்தில் வென்றனர். சிலரே வாழ்ந்த இடத்தில் நீர் ஏறிற்று. இதிலிருந்து பெறத்தக்க பாடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1980 இற் கோஷெனனுக்கும் ஐரோலோவுக்குமிடையே 16.9 கிலோமீற்றர் நீளமான வீதிச் சுரங்கம் திறந்தது. அதற்கு வழிவிடும் நெடுஞ்சாலைக்காக, 1977 இல் பிசாசுக் கல்லை ஏறக்குறைய மூன்று இலட்சம் பிராங்கு செலவில் 127 மீற்றர் தூரம் நகர்த்தினர். அதுவரை மோட்டார் வாகனங்களைப் புகையிரதத்தில் ஏற்றி அனுப்பிய தொழிலும் ஊரிலே நின்றுபோயிற்று. பார ஊர்திகளின் இரைச்சலும் புகையும் எஞ்சின. 2016 இல், ஊருக்கு வடக்கே மிகத் தாழ்வான மட்டத்தில் நுழைந்து மலையின் கீழாகவே செல்லும் 57 கிலோமீற்றர் நீளமான அடித்தளச் சுரங்கம் திறக்கப்பட்டது. பெரும் புகையிரதங்கள் கோஷெனனைக் காணாமலே செல்லலாயின. 2023 ஓகஸ்டில் அச்சுரங்கத்தில் ஒரு சரக்குப் புகையிரதம் தடம் புரண்டபோது, ஓராண்டுக்கு மேலாகப் பல புகையிரதங்கள் பழைய பாதையையே நாடின. மறக்கப்பட்ட கிழப்பாதை கைகொடுத்தது. 1882 இல் முடிந்த வேலையின் உறுதி அவ்வாறிருந்தது.

மூன்று சுரங்கங்களின் மரணக் கணக்கையும் ஒப்பிடுவோம். முதலாவது, 15 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 200 உயிர். இரண்டாவது, 17 கிலோமீற்றருக்கு 19 உயிர். மூன்றாவது, 57 கிலோமீற்றருக்கு 9 உயிர். மலை அதே மலைதான். அதன் கருங்கல் இளகிவிடவில்லை. இயந்திரங்கள் வளர்ந்தன என்பது உண்மை. ஆனால் காற்றோட்டக் குழாயும் கழிவிடமும் புதுமையான கண்டுபிடிப்புகள் அல்ல. 1872 இலும் அவை தெரிந்தவையே. தெரிந்ததைச் செய்யவைக்கும் வலிமை அன்று தொழிலாளரிடம் இருக்கவில்லை. தொழிற்சங்கமும் சட்டமும் பொதுமக்கள் அபிப்பிராயமும் ஒரு நூற்றாண்டு போராடிப் பெற்றதே அந்த வித்தியாசம். ஒன்பது உயிர் என்பதும் ஒன்பது குடும்பம் என்பதனை நாம் மறத்தல் தகாது. ஆயினும், பெரும் வேலைக்குப் பெரும் பலி இயல்பே என்று கூறுவோரின் வாயை அடைக்க இந்த எண்கள் போதும்.

கோஷெனனில் மீண்டும் வேலை நடைபெறுகின்றது. 2016 இல் வாக்காளர் ஒப்புதல் அளித்த இரண்டாவது வீதிச் சுரங்கத்துக்கான பணிகள் 2021 இல் தொடங்கின. அந்நியத் தொழிலாளர் மீண்டும் அம்மலையடிக்கு வந்துள்ளனர். நெடுஞ்சாலையோரத்திற் பிசாசுக் கல் நிற்கின்றது. கதையிலன்றி வேறெங்கும் இல்லாத பிசாசின் கல்லுக்கு மூன்று இலட்சம் செலவு செய்ய முடிந்த ஒரு சமுதாயம், அம்மலையைக் குடைந்த மனிதனின் மூச்சுக்காக ஒருநாள் வேலையை நிறுத்த முடியாதிருந்தது. அந்த ஒருநாளை நிறுத்தச் சொல்லி 1875 யூலையில் நால்வர் இறந்தனர். கோஷெனனின் வரலாறு அவ்வூரிற் பிறந்தோருடைய வரலாறு மாத்திரமன்று. அங்கு வந்து, சுரங்க வாயிலில் வீழ்ந்த அந்நால்வருடையதுமாகும்.